மலேரியா உள்ள நாட்டுக்குப் போய் வந்தவர் ரத்தம் கொடுக்கலாமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 34 வயது. ஓ நெகட்டிவ் ரத்த வகை. பத்து வருடமாக, வருடத்துக்கு மூன்று முறை தவறாமல் ரத்தம் கொடுத்து வருகிறேன். வேலை விஷயமாக மூன்று வாரம் உகாண்டாவில் இருந்தேன், திரும்பி வந்து இன்றோடு ஐந்து வாரம் ஆகிறது. முந்தாநாள் ரத்தம் கொடுக்கப் போனபோது, பாரத்தில் பயணம் பற்றி எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, “உகாண்டாவிலிருந்து கிளம்பிய நாளிலிருந்து மூன்று மாதம் முடியட்டும், அப்புறம் வாருங்கள்” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அங்கே இருந்த வரை தினமும் மலேரியா வராமல் தடுக்கிற டாக்ஸிசைக்ளின் மாத்திரை போட்டேன், வந்த பிறகும் டாக்டர் சொன்னபடி நான்கு வாரம் போட்டு முடித்தேன். ஒரு நாள்கூடக் காய்ச்சல் இல்லை. என் திருப்திக்காக லேபில் மலேரியா டெஸ்ட் எடுத்தேன், அதிலும் ஒன்றுமில்லை. இவ்வளவுக்கும் பிறகு ஏன் வேண்டாம் என்கிறார்கள்? “அடுத்த தடவை பயணத்தைப் பற்றி எழுதாதே, யார் கேட்கப் போகிறார்கள்” என்கிறார் ஒரு நண்பர். இன்னொரு சந்தேகம்: என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவர் உகாண்டாவிலேயே பிறந்து வளர்ந்தவர், இங்கே வந்து ஒன்றரை வருடம் ஆகிறது, நல்ல ஆரோக்கியம். அவராவது கொடுக்கலாமா?

பதில்: அந்த நண்பர் சொன்னதை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. பத்து வருடமாகக் கொடுக்கிற ஒருவரை “வேண்டாம்” என்று அனுப்பும்போது, ஒரு ஐந்து நிமிடம் உட்கார வைத்துக் காரணத்தைச் சொல்லியிருக்க வேண்டும். ரத்த மையத்தில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், வரிசை நீளும்போது அந்த ஐந்து நிமிடத்தைத்தான் நாங்கள் முதலில் விட்டுவிடுகிறோம், அது எங்கள் பக்கத் தப்பு. அதனால் இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தில் மூன்று ஆதாரம் காட்டியிருக்கிறீர்கள். மாத்திரை போட்டேன், காய்ச்சல் வரவில்லை, டெஸ்டில் ஒன்றுமில்லை. ஒவ்வொன்றாக வருவோம்.

மாத்திரையிலிருந்து ஆரம்பிக்கிறேன். மலேரியாக் கிருமி உள்ள கொசு கடித்தால், கடித்த ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே கிருமி ரத்தத்தை விட்டுக் கல்லீரலுக்குள் போய்ப் பதுங்கிவிடும். அங்கே ஒரு வாரம், இரண்டு வாரம் சத்தமில்லாமல் பெருகும். அந்தச் சமயத்தில் உங்களுக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது, ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் அதிலும் எதுவும் இருக்காது. அதன் பிறகுதான் கல்லீரலிலிருந்து வெளியே வந்து சிவப்பணுக்களுக்குள் புகும், அங்கே பெருகி அணுக்களை உடைக்கும்போதுதான் குளிரும் காய்ச்சலும். நீங்கள் போட்ட டாக்ஸிசைக்ளின் பெரும்பாலும் இந்தக் கடைசிக் கட்டத்தில், ரத்தத்துக்குள் வந்த கிருமியைத்தான் பிடிக்கிறது. கடைசி நாள் கடித்த கொசுவின் கிருமி கல்லீரலை விட்டு வெளியே வரும்போது மாத்திரை உடம்பில் காத்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் திரும்பி வந்த பிறகும் நான்கு வாரம் போடச் சொல்கிறார்கள். அதை நீங்கள் விடாமல் போட்டிருக்கிறீர்கள், ரொம்ப சரி. நிறையப் பேர் விமானத்தை விட்டு இறங்கியதும் மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள்.

ஆனால் இப்போது உங்கள் கணக்கையே பாருங்கள். வந்து ஐந்து வாரம், அதில் நான்கு வாரம் மாத்திரை. மாத்திரையின் காவல் இல்லாமல் உங்கள் உடம்பு இருந்தது ஒரே ஒரு வாரம். “ஒரு நாள்கூடக் காய்ச்சல் இல்லை” என்பதை நான் ஐந்து வாரத்துச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. மாத்திரை அநேகமாக எல்லாவற்றையும் கொன்றிருக்கும். அநேகமாக. எங்கேயோ கொஞ்சம் தப்பியிருந்தால், அது மறுபடியும் எண்ணிக்கையில் பெருகி வெளியே தெரிய இன்னும் சில வாரம் ஆகலாம். மாத்திரை போட்டவர்களுக்குக் காய்ச்சல் தள்ளித் தள்ளி வருவது தெரிந்த விஷயம்தான். அதனால்தான் தடுப்பு மாத்திரை போட்டவர், போடாதவர் என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே காத்திருப்பு.

இன்னொன்றும் உண்டு. மனிதனுக்கு வரும் மலேரியாவில் ஐந்து வகை. அதில் வைவாக்ஸ், ஓவாலே என்ற இரண்டு வகைக் கிருமிகள் கல்லீரலிலேயே தூங்கிவிடும், மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருடத்துக்கு மேலும் தூங்கிவிட்டு எழுந்து வரும். டாக்ஸிசைக்ளினும் சரி, பயணிகளுக்குக் கொடுக்கிற மற்ற வழக்கமான மாத்திரைகளும் சரி, அந்தத் தூங்கும் கிருமியை ஒன்றும் செய்யாது. அதற்குப் பிரைமாகுயின் மாதிரி வேறு மருந்து வேண்டும். உயிருக்கு ஆபத்தான ஃபால்சிபாரம் வகை இப்படித் தூங்குவதில்லை, பயணம் போய் வந்தவர்களுக்கு அது பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் வெளியே தெரிந்துவிடும். உங்களிடம் சொன்ன மூன்று மாதம் முக்கியமாக அதிலிருந்து வந்த கணக்கு.

சரி, டெஸ்ட். இதுதான் எல்லோரையும் குழப்புகிற இடம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

உங்கள் விரலில் குத்தி எடுத்த ரத்தம் ஒரு சொட்டுகூட முழுசாக இருந்திருக்காது. அதைக் கண்ணாடித் தகட்டில் தடவி, ஜீம்சா சாயம் போட்டு, மைக்ரோஸ்கோப்பில் எண்ணெய் லென்ஸை இறக்கிப் பார்க்கிறோம். கிருமி இருந்தால் ஒரு சின்ன மோதிரம் மாதிரி தெரியும், நீல வளையம், அதன் ஓரத்தில் சிவப்புக் கல் பதித்தது போல ஒரு புள்ளி. குறைந்தது நூறு இடம் தள்ளித் தள்ளிப் பார்த்து எதிலும் அந்த மோதிரம் இல்லை என்றால்தான் “இல்லை” என்று எழுதுவோம். இதைப் பல வருடம் செய்திருக்கிறேன், கழுத்து வலிக்க உட்கார்ந்து செய்திருக்கிறேன், இருந்தும் சொல்கிறேன்: வழக்கமான லேபில், ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஐம்பது, நூறு கிருமியாவது இருந்தால்தான் அது கண்ணில் படும். அட்டை மாதிரி இருக்கிற ரேபிட் டெஸ்டும் கிட்டத்தட்ட அதே நிலைமைதான்.

இப்போது பையைப் பாருங்கள். நீங்கள் கொடுப்பது 450 மில்லி என்று வைத்துக்கொண்டால், அது சுமார் 9,000 சொட்டு. ஒரு மைக்ரோலிட்டருக்கு ஒரே ஒரு கிருமி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள், லேப் ரிப்போர்ட் நிச்சயம் நெகட்டிவ் என்றுதான் வரும், ஆனால் அந்தப் பைக்குள் நாலரை லட்சம் கிருமி இருக்கும். நோய் தொற்றிக்கொள்வதற்கோ மிகக் கொஞ்சமே போதும், பத்துக் கிருமியே போதும் என்று சொல்வார்கள். காய்ச்சலோடு வருகிறவருக்கு மலேரியாவா என்று பார்க்க அந்த டெஸ்ட் நல்ல டெஸ்ட். நல்லபடியாக நடமாடுகிற ஒருவரின் முழுப் பை ரத்தமும் சுத்தம் என்று உறுதி சொல்ல அது போதாது.

வேறு டெஸ்ட் இல்லையா என்றால், இருக்கிறது. கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியைப் பார்க்கிற டெஸ்ட் ஒன்று. ஆனால் ஆன்டிபாடி தலைகாட்டவே சில வாரம் பிடிக்கும், அதனால் அதையும் அவசரப்பட்டு எடுத்துப் பிரயோஜனமில்லை. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் திரும்பி நான்கு மாதம் ஆன பிறகு அந்த டெஸ்டை எடுத்து, நெகட்டிவ் என்றால் ரத்தம் வாங்கிக்கொள்கிறார்கள். கிருமியின் மரபணுவைத் தேடுகிற, இன்னும் நுட்பமான டெஸ்ட் ஒன்றுக்கு அமெரிக்காவில் 2024ல் ரத்த தானத்துக்கென்றே ஒப்புதல் கிடைத்திருக்கிறது. இவை பரவலாக வந்தால் உங்களைப் போன்றவர்களின் காத்திருப்பு குறையும், நானும் அதற்காகக் காத்திருக்கிறேன்.

குளிர்சாதனப் பெட்டியில்தானே வைக்கிறீர்கள், அதில் கிருமி செத்துவிடாதா என்று சிலர் கேட்பார்கள். சாகாது. சிவப்பணுவைக் காப்பாற்றத்தான் அந்தக் குளிர், அணு பிழைத்திருக்கும்போது அதற்குள் இருக்கும் கிருமியும் ஒரு வாரம் இரண்டு வாரம் தாக்குப்பிடித்துவிடும். ஏற்றினால், கல்லீரல் பக்கம் போக வேண்டிய வேலையே இல்லாமல் நேராக நோயாளியின் ரத்தத்துக்குள் போய் இறங்குகிறது.

அந்த நோயாளி யார் என்று நினைத்துப் பாருங்கள். அதுவும் உங்களுடையது ஓ நெகட்டிவ், வகை பார்க்க நேரமில்லாதபோது எடுக்கிற பை அது, குறை மாதத்தில் பிறந்த குழந்தைக்கும் போகும், பிரசவத்தில் ரத்தம் கொட்டுகிற பெண்ணுக்கும் போகும்.

நான் பயிற்சி டாக்டராக இருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்கிறேன், எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். தலசீமியா, அதாவது பிறவியிலேயே ரத்தம் சரியாக உருவாகாத நோய் உள்ள ஏழு வயதுப் பையன். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை வந்து ரத்தம் ஏற்றிக்கொண்டு போவான், எங்கள் எல்லோருக்கும் செல்லம். ஒரு முறை ஏற்றிவிட்டுப் போய்ப் பன்னிரண்டாம் நாள் காய்ச்சலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். ரத்தம் ஏற்றுகிற பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வர ஆயிரம் காரணம். ஆன்டிபயாடிக் போட்டோம், இறங்கவில்லை, மாற்றினோம், அப்போதும் இறங்கவில்லை, ரத்தம் உறைய உதவுகிற தட்டணுக்கள் குறைந்துகொண்டே போயின. மலேரியா என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. ஏன் தோன்ற வேண்டும், அந்தப் பையன் மலேரியா உள்ள எந்த இடத்துக்கும் போனதே கிடையாது. காய்ச்சலின் ஆறாவது நாள், வேறு எதற்காகவோ ஸ்லைடு பார்த்துக்கொண்டிருந்த லேப் டெக்னீஷியன் என்னைக் கூப்பிட்டார். குனிந்து பார்த்தேன். வரிசையாக மோதிரம்.

பையின் எண்ணை வைத்துக் கொடுத்தவரைத் தேடிப் பிடித்தோம். மலேரியா அதிகம் உள்ள நாட்டில் பிறந்து வளர்ந்த இளைஞர், விடுமுறைக்கு அங்கே போய்விட்டு இரண்டு மாதம் முன்புதான் திரும்பியிருந்தார். பாரத்தில் “இல்லை” என்று டிக் செய்திருந்தார். எழுதினால் விடமாட்டார்கள் என்று கூட வந்தவர் யாரோ சொன்னாராம். அவருக்கு ஒரு தலைவலிகூட இல்லை. விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட ஒரே கேள்வி, “பையன் எப்படி இருக்கிறான்?” பையன் பிழைத்துவிட்டான். ஆனால் அந்த இளைஞர் எங்கள் அறையில் உட்கார்ந்திருந்த விதம் இன்னும் எனக்கு நினைவில் இருக்கிறது. நல்லது செய்ய வந்தவர் அவர்.

இது அபூர்வம்தான், மறுக்கவில்லை. அமெரிக்காவில் 1963 முதல் 1999 வரை ரத்தம் ஏற்றியதால் மலேரியா வந்தவர்கள் என்று கணக்கில் வந்தது 93 பேர், அவர்களில் 10 பேர் இறந்துபோனார்கள். எண்ணிக்கை இவ்வளவு குறைவாக இருப்பதற்குப் பாரத்தில் உண்மையை எழுதிவிட்டு வருத்தத்தோடு திரும்பிப் போனவர்களும் ஒரு காரணம்.

இந்தக் கதையிலேயே உங்கள் சக ஊழியருக்கான பதிலும் இருக்கிறது. மலேரியா தினசரி நடமாடுகிற இடத்தில் வளர்ந்தவர்களுக்குத் திரும்பத் திரும்பக் கடிபட்டு ஒரு அரைகுறை எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். கிருமியை அது முழுக்க விரட்டாது, காய்ச்சலை மட்டும் வரவிடாமல் வைத்திருக்கும். நம்மைப் போல மூன்று வாரம் போய் வந்தவருக்குக் கிருமி இருந்தால் படுக்கையில் தள்ளிவிடும், ஊருக்கே தெரிந்துவிடும். அவரைப் போன்றவர் கிருமியை வைத்துக்கொண்டே வேலைக்கும் போய் வருவார், பந்தும் விளையாடுவார். அதனால் அவருக்கு மூன்று மாதக் கணக்கு பொருந்தாது. மலேரியா நாட்டில் ஐந்து வருடமோ அதற்கு மேலோ தொடர்ந்து வாழ்ந்தவர்கள் அங்கிருந்து வந்து மூன்று வருடம் ஆக வேண்டும் என்பது அமெரிக்க விதி, மலேரியா வந்து குணமானவர்களுக்கும் அங்கே மூன்று வருடம்தான். வேறு சில நாடுகளில் ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்து முடிவு செய்கிறார்கள். ஒன்றரை வருடத்தில் அவர் நேராகப் போய்க் கொடுக்காமல், முதலில் மையத்துக்குப் போன் செய்து தன் கதையை முழுசாகச் சொல்லிக் கேட்கட்டும். நடுவில் அவர் ஒரு தடவை ஊருக்குப் போய் வந்திருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லட்டும், பல இடங்களில் கணக்கு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

வெளிநாட்டில் குடியிருந்துகொண்டு விடுமுறைக்குச் சொந்த நாடு போய் வருகிற எல்லோருக்கும் இதைச் சொல்வேன். “அது என் ஊர், எனக்கு என்ன வரப் போகிறது” என்று மாத்திரையும் போடமாட்டார்கள், பாரத்தில் அதைப் பயணம் என்று எழுதவும் தோன்றாது. சில வருடம் வெளியே இருந்தாலே அந்தப் பழைய எதிர்ப்புச் சக்தி குறைந்துவிடும். கொசுவுக்கு நீங்களும் ஒரு புதுப் பயணிதான்.

விதிகள் ஏன் இடத்துக்கு இடம் மாறுகின்றன என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இணையத்தில் தேடினால் தலை சுற்றும், அதனால் சுருக்கமாக. அமெரிக்காவில் பயணிகளுக்கு முன்பு ஒரு வருடம் இருந்தது, 2020ல் மூன்று மாதமாகக் குறைத்தார்கள். கனடாவிலும் மூன்று மாதம். பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் நான்கு மாதமும் டெஸ்டும் என்று மேலே சொன்னேன். மலேரியா உள்ளூரிலேயே இருக்கிற நாடுகளில் இப்படி எல்லோரையும் திருப்பி அனுப்பினால் கொடுக்க ஆளே இருக்காது, அதனால் அங்கே பையைச் சோதிக்கிறார்கள். இந்தியாவில் ஒவ்வொரு பைக்கும் கட்டாயமான ஐந்து சோதனைகளில் மலேரியாவும் ஒன்று, மலேரியா வந்து முழுக்கக் குணமானவர் மூன்று மாதம் கழித்துக் கொடுக்கலாம். நீங்கள் எந்த நாட்டில் கொடுக்கிறீர்களோ அந்த நாட்டு விதிதான் உங்களுக்கு.

எந்த நாடு, எந்த ஊர் என்பதும் முக்கியம். ஒரே நாட்டில் ஒரு பகுதியில் மலேரியா இருக்கும், உயரமான மலைப் பகுதியில் இருக்காது. பட்டியலும் மாறிக்கொண்டே இருக்கும்: இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016லேயே அறிவித்துவிட்டது, எகிப்து அந்தச் சான்றை 2024ல் வாங்கியது. பத்து வருடத்துக்கு முன் யாரோ சொன்னதை வைத்து நீங்களாகவே “எனக்குத் தடை” என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள், கேளுங்கள். விமானம் மாறுவதற்காக நிலையத்துக்குள்ளேயே சில மணி நேரம் உட்கார்ந்திருந்தது பொதுவாகக் கணக்கில் வராது. ஆனால் உகாண்டா விஷயத்தில் இந்த யோசனைக்கெல்லாம் இடமில்லை, அந்த நாடு அநேகமாக முழுக்கவே மலேரியா பகுதி. அங்கே போக மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டிருப்பீர்கள், அதற்குத் தனியாக இரண்டு முதல் நான்கு வாரம் காத்திருக்க வேண்டும், அந்தக் கெடு உங்களுக்கு எப்போதோ முடிந்துவிட்டது.

நடுவில் சும்மா இருக்க மனமில்லை என்றால், பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியை மட்டும் எடுக்கிற வசதி உங்கள் மையத்தில் உண்டா என்று கேளுங்கள். கிருமி இருப்பது சிவப்பணுவுக்குள், அதனால் மருந்து தயாரிக்கப் போகிற பிளாஸ்மாவை ஆஸ்திரேலியா போன்ற இடங்களில் காத்திருப்புக் காலத்திலும் வாங்கிக்கொள்கிறார்கள். இல்லையென்றால், இதுவரை கொடுத்தே இராத ஒருவரை உங்கள் இடத்துக்கு அழைத்துப் போங்கள். முதல் தடவை வருகிறவருக்குப் பக்கத்தில் உட்கார ஒரு ஆள் இருந்தால் பாதி பயம் போய்விடும், இதை நான் தினமும் பார்க்கிறேன்.

இனி நான் சொல்லப் போவதை உங்களுக்காக மட்டும் படியுங்கள், ரத்த தானத்தைக் கொஞ்சம் மறந்துவிட்டு. அடுத்த சில மாதத்தில் எப்போது காய்ச்சல் வந்தாலும், சாதாரணச் சளிக் காய்ச்சல் என்று தோன்றினாலும், அன்றைக்கே டாக்டரிடம் போய் “உகாண்டா போய் வந்தேன்” என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ஒரு வருடம் வரை இதை மறக்க வேண்டாம். அப்போது எடுக்கிற மலேரியா டெஸ்ட்தான் பயனுள்ள டெஸ்ட், முதல் தடவை நெகட்டிவ் என்று வந்தாலும் மறுநாள், அதற்கு மறுநாள் திரும்ப எடுக்கச் சொல்வார்கள், எடுத்துக்கொள்ளுங்கள். ஃபால்சிபாரம் ஒன்றிரண்டு நாளிலேயே நிலைமையை மோசமாக்கிவிடும். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள்.

அதே மாதிரி, எதிர்காலத்தில் எந்தப் பயணத்துக்குப் பிறகு ரத்தம் கொடுத்திருந்தாலும், கொடுத்த சில நாளில் காய்ச்சல் வந்தால் மையத்துக்கு ஒரு போன் செய்யுங்கள், எந்த நேரமானாலும் பரவாயில்லை. தட்டணுப் பை ஐந்து நாளைக்குத்தான் தாங்கும், ஆனால் சிவப்பணுப் பையை ஐந்து, ஆறு வாரம் வரை வைத்திருப்போம். நீங்கள் போன் செய்யும்போது உங்கள் பை இன்னும் எங்கள் பெட்டியிலேயே இருக்க வாய்ப்பு அதிகம், ஒரே நிமிடத்தில் தனியாக எடுத்து வைத்துவிடுவோம்.

உகாண்டாவை விட்டுக் கிளம்பிய தேதியிலிருந்து மூன்று மாதத்தை எண்ணுங்கள், உங்களுக்கு இன்னும் எட்டு வாரம் பாக்கி. அன்று போகும்போது போன தேதி, வந்த தேதி, தங்கிய ஊர்களின் பெயர், போட்ட மாத்திரை, கடைசி மாத்திரை போட்ட நாள் இவற்றை ஒரு தாளில் குறித்து எடுத்துப் போங்கள், மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குப் பெரிய உதவியாக இருக்கும். நடுவில் காய்ச்சல் வந்து போயிருந்தால் அதையும் சொல்லுங்கள். பாரத்தில் பயணம் பற்றிய கேள்வி வரும் இடத்தில் மறுபடியும் உகாண்டா என்றே எழுதுங்கள், இந்தத் தடவை அதைப் படித்துவிட்டு உங்கள் கையில் பட்டையைக் கட்டி, கட்டிலில் படுக்கச் சொல்வார்கள்.